பழைய பாட்டும் எழுதியவர் பெயரும்: எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலந்தாவளம் போகிற ரோட்டில், ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பழைய பாட்டு. பாடலாம், போனில் போடலாம், பாட வராதவர்கள் வரிகளை வாசித்தும் காட்டலாம். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைத் தொடங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன், இப்போது எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஏனுங்க, பாட்டு நல்லா இருந்தாப் போதாதா? எழுதினது யாருன்னு எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?

பாடினவர் யார் என்பது காதுக்கே தெரிந்துவிடும். டி.எம்.சௌந்தரராஜனையும் பி.பி.ஸ்ரீநிவாஸையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இசையமைத்தவர் பெயரும் எப்படியோ ஞாபகத்தில் நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் இது இன்னும் கூடுதல்: எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர், பி.லீலா பிறந்தது இங்கே பாலக்காட்டுச் சித்தூரில், அதனால் 'நம்ம ஊர்க்காரங்க' என்று தொடங்குகிற பேச்சு அவர்களோடே முடிந்துவிடும். அந்த மெட்டுக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தவர் மட்டும் பெயரில்லாமல் போய்விடுகிறார்.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு தமிழ் மீடியத்தை விட்டு மலையாள மீடியத்துக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு எனக்குச் சேர்ந்த தமிழில் பாதிக்கு மேல் பாட்டில் சேர்ந்தது. 'சமரசம்' என்ற சொல்லை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை, ரம்பையின் காதல் (1956) படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'சமரசம் உலாவும் இடமே'யில்தான் முதலில் கேட்டேன். அதை எழுதியவர் அ.மருதகாசி. எனக்குத் தமிழ் வாத்தியார் அவர்தான். வாத்தியார் பெயரே தெரியாமல் பாடம் மட்டும் வாங்கிக்கொண்டு போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பழைய பாட்டுன்னா எந்த வருஷம் வரைக்கும்?

சண்டை போட்டு முடிவு செய்த எல்லை எதுவும் கிடையாது. பேசும் படம் வந்த காலத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை என்று வைத்திருக்கிறோம். கண்ணதாசன் காலமானது 1981 அக்டோபர் 17. அவர் எழுதிய 'கண்ணே கலைமானே' வந்த மூன்றாம் பிறை 1982இல் வெளியானது. அதுவரை யாரும் ஆட்சேபிப்பதில்லை. அதற்குப் பிறகு வந்த பாட்டைக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம், எழுதியவர் பெயரோடு வந்தால் சரி.

நான் புதுசுங்க. எந்தக் கவிஞர்ல இருந்து ஆரம்பிக்கட்டும்?

என்னைக் கேட்டால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930இல் பிறந்து 1959இல் போய்விட்டார், இருபத்தொன்பது வயதுதான். 'தூங்காதே தம்பி தூங்காதே' (நாடோடி மன்னன், 1958) பாட்டை ஒரு தரம் வரி வரியாக வாசித்துப் பாருங்கள். அகராதி புரட்ட வேண்டிய ஒரு சொல்கூட இருக்காது, ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல் வைக்கவும் முடியாது. 'திருடாதே பாப்பா திருடாதே', 'சின்னப்பயலே சின்னப்பயலே' இரண்டும் அவர் போன பிறகு 1961இல் வந்த படங்களில் இருக்கின்றன. ஒரு பையனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு கேட்கிறவனுக்குக் கசக்காமல் இருப்பது ரொம்பக் கஷ்டம். அவருக்கு அது கைவந்திருக்கிறது.

அடுத்து நமக்குப் பக்கத்து ஆள், உடுமலை நாராயணகவி. பொள்ளாச்சி தாண்டினால் உடுமலை, அந்தப் பக்கத்துப் பூளவாடியில் 1899இல் பிறந்தவர். பராசக்தி (1952) படத்தில் காக்கைக் கூட்டத்தைப் பார்த்துப் பாடும் 'கா கா கா' அவர் எழுதியது. என்.எஸ்.கிருஷ்ணனுக்கு நிறைய எழுதியிருக்கிறார். அப்புறம் மருதகாசி: 'மணப்பாறை மாடு கட்டி', 'ஏர்முனைக்கு நேர் இங்கே எதுவுமே இல்லை' என்று வயலில் நின்று எழுதினது போன்ற பாட்டுகள். நிலக்கடலை போட்டு, ஆளியாற்றுத் தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போகாது. கண்ணதாசனையும் வாலியையும் தேடிப் போக வேண்டியதே இல்லை, அவர்கள் தானாக வந்துவிடுவார்கள்.

பழைய பாட்டுல முக்காவாசி கண்ணதாசன் எழுதினதுதானே?

இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 'தரை மேல் பிறக்க வைத்தான்' பாட்டைக் கண்ணதாசன் பாட்டு என்று சொல்லி நான் திண்ணையில் பாடி முடித்ததும், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "தம்பி, அது வாலியோடதுப்பா, படகோட்டி படத்துல எல்லாப் பாட்டும் அவருதான்" என்றார். 1964இல் வந்த படம். அன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டை நாலைந்து முறை திரும்பக் கேட்டேன். கரையில் காத்துக் கிடக்கிறவர்களின் பயத்தை எழுதியவர் வேறொரு மனிதர் என்று தெரிந்ததும் பாட்டே வேறு மாதிரி கேட்டது.

இப்படிக் கண்ணதாசன் கணக்கில் தவறாகச் சேருகிற பாட்டுகள் நிறைய. 'அமுதும் தேனும் எதற்கு' (தை பிறந்தால் வழி பிறக்கும், 1958) சுரதா எழுதியது, நீர்க்குமிழியில் வரும் 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா'வும் அவருடையதே. 'சித்திரம் பேசுதடி', 'சிங்கார வேலனே தேவா' இரண்டும் கு.மா.பாலசுப்பிரமணியம். 'ஏரிக்கரையின் மேலே'யும் 'அன்னையைப் போல் ஒரு தெய்வமில்லை'யும் கா.மு.ஷெரீப். 'காகித ஓடம் கடலலை மீது' (மறக்க முடியுமா, 1966) மு.கருணாநிதி எழுதியது, இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதே இல்லை. கண்ணதாசனுக்கு இதனால் ஒரு குறைவும் வந்துவிடாது. அவர் எழுதியவையே அவருக்குப் போதும்.

ஒரே படத்துல நாலு கவிஞர் பேரு ஓடுது. எந்தப் பாட்டு யாருதுன்னு எப்படிப் பிரிக்கறது?

டைட்டிலில் 'பாடல்கள்' என்று போட்டு நாலு பெயரை வரிசையாகக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குடியிருந்த கோயில் (1968) நல்ல உதாரணம். 'நான் யார் நான் யார் நீ யார்' புலமைப்பித்தன். 'ஆடலுடன் பாடலைக் கேட்டு' ஆலங்குடி சோமு. 'துள்ளுவதோ இளமை' வாலி. 'குங்குமப் பொட்டின் மங்கலம்' ரோஷனாரா பேகம். ஒரே படம், ஒரே இசையமைப்பாளர், நாலு பேனா.

பிரித்துப் பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று இசைத்தட்டு: அதன் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்திலோ உறையிலோ பாட்டுக்குப் பாட்டு பெயர் இருக்கும். இன்னொன்று பாட்டுப் புத்தகம்.

பாட்டுப் புத்தகமா? அது என்னங்க, நான் பார்த்ததே இல்லையே.

படம் ஓடுகிற கொட்டகை வாசலிலேயே சில்லறைக் காசுக்கு விற்ற சின்னப் புத்தகம். என்னிடம் ஆறு இருக்கின்றன, பெரியப்பா டிரங்குப் பெட்டியில் அடியில் கிடந்தவை. உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மட்டமான தாள், நடுவில் ஒரே ஒரு கம்பிப் பின், அந்தப் பின் துருப்பிடித்து அதைச் சுற்றித் தாள் பழுப்பாகி ஓட்டை விழுந்திருக்கிறது. முதலில் நடிகர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம், கதை சூடு பிடிக்கிற இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். அப்புறம் பாட்டுகள். தலைப்பிலோ பாட்டு முடிகிற இடத்திலோ எழுதியவர் பெயர், பாடியவர் பெயர்.

பழைய பேப்பர் கடையில் கிடைக்கலாம், பாலக்காட்டில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். கிடைத்தால் தயவுசெய்து செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் அந்தப் பசையே எழுத்தைத் தின்றுவிடும். போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு மூலத்தை ஒரு துணிப்பையில் வையுங்கள்.

நெட்டுல ஒரு பேரு போட்டிருக்கு, நீங்க வேற பேரு சொல்றீங்க. எதை நம்பறது?

நெட்டில் ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, பத்து இடத்தில் இருப்பதால் அது உண்மை மாதிரி ஆகிவிடுகிறது. பத்துக்கும் வேர் ஒன்றுதான். படம் வந்த காலத்தில் அச்சான தட்டும் பாட்டுப் புத்தகமும் எங்களுக்கு முதல் சாட்சி. கவிஞரின் பாடல் தொகுப்பு புத்தகமாக வந்திருந்தால் அது அடுத்த சாட்சி. இரண்டும் கிடைக்காத பாட்டென்றால் 'எழுதியவர் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் பாடுங்கள். தெரியாத பெயருக்குப் பதிலாகத் தெரிந்த பெரிய பெயரைப் போடுவது மட்டும் வேண்டாம்.

அப்ப அச்சுல இருக்கற பேரு தப்பா இருக்கவே இருக்காதா? 'பாட்டும் நானே' பத்திச் சண்டையே நடக்குதே?

இருக்கும். அச்சு முதல் சாட்சிதான், கடைசித் தீர்ப்பு இல்லை. திருவிளையாடல் (1965) படத்தில் கே.வி.மகாதேவன் இசையில் டி.எம்.எஸ். பாடிய 'பாட்டும் நானே பாவமும் நானே' கண்ணதாசன் பெயரில்தான் வந்தது. எழுதியவர் கா.மு.ஷெரீப் என்று எழுத்தாளர் ஜெயகாந்தன் உட்பட விவரம் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்கள் திண்ணையில் அந்தப் பாட்டுக்கு இரண்டு பெயரையும், விவகாரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் பாடுவோம்.

என் மனசு ஷெரீப் பக்கம்தான் சாய்கிறது. 'வாழ்ந்தாலும் ஏசும் தாழ்ந்தாலும் ஏசும்' எழுதிய மனிதர் அவர், அவரைப் பற்றி இன்றைக்குப் பேச ஆளில்லை என்பதே எனக்கு வருத்தம். ஆனால் என் சாய்வை நான் சாட்சியாக வைக்க மாட்டேன்.

நடையைப் பார்த்தே இது கண்ணதாசன், இது வாலின்னு சொல்ல முடியாதா?

சில பேர் சொல்வார்கள், பாதி நேரம் சரியாகவும் இருக்கும், மீதிப் பாதிதான் பிரச்சினை. மேலே படகோட்டி விஷயத்தில் நான் தவறியதும் இப்படித்தான், நடையை நம்பித்தான். ஆயிரத்தில் ஒருவன் (1965) படத்தில் 'அதோ அந்தப் பறவை போல' கண்ணதாசன், 'ஏன் என்ற கேள்வி' வாலி. பெயர் தெரியாமல் கேட்டால் இரண்டையும் ஒருவரே எழுதியதாகச் சத்தியம் செய்வீர்கள். ஒரே மாதிரியான காட்சிக்கு, ஒரே நடிகருக்கு, ஒரே காலத்தில் எழுதுகிறபோது சொற்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது வெறும் போட்டி என்று நினைத்துவிடவும் வேண்டாம். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே போய்விடலாம் என்று இருந்த வாலி, சுமைதாங்கி (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'வை பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடக் கேட்டு, போகிற முடிவைக் கைவிட்டதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் கற்பகம் வந்தது, அதோடு அவர் நிலைத்துவிட்டார். இந்தப் பாட்டை யாராவது திண்ணையில் பாடினால் நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதே இல்லை.

மெட்டுக்குப் பாட்டு எழுதுவாங்களா, பாட்டுக்கு மெட்டுப் போடுவாங்களா?

இரண்டும் உண்டு. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு 'தானன தானன' என்று தத்தகாரம் சொல்வார், கவிஞர் அந்தச் சந்தத்துக்குள் சொற்களை உட்கார வைப்பார். சில சமயம் கவிஞர் பல்லவியை எழுதிக் கொடுத்துவிட, மெட்டு அதன் பின்னால் வரும். கேட்கிற நமக்கு எது முன்னால் வந்தது என்று தெரியாமல் இருந்தால் அந்தப் பாட்டு நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணதாசன் சொல் விளையாட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க, 'அத்திக்காய்' பாட்டுல அப்படி என்னங்க இருக்கு? காய் பேரா அடுக்கியிருக்காரு, அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்காகவே ஒரு ஞாயிறு முழுக்கச் செலவு செய்திருக்கிறோம். பலே பாண்டியா (1962) படப் பாட்டு. 'அத்திக்காய்' என்றால் அத்தி மரத்தின் காய், சரி. அதையே 'அத் திக்காய்' என்று பிரியுங்கள்: அந்தத் திக்காக, அந்தப் பக்கமாக. பக்கத்தில் வருகிற 'காய்' மரத்துக் காய் இல்லை, நிலவைப் பார்த்துச் சொல்கிற ஏவல்: 'ஒளி வீசு'. நிலாக் காய்கிறது என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அந்தக் காய்தல். 'இத்திக்காய் காயாதே' என்றால் இந்தப் பக்கம் காயாதே. நிலாவே, நீ அவன் இருக்கிற பக்கமாகப் போய்க் காய், என்னைச் சுடாதே, நானும் உன்னைப் போல் பெண்தானே என்று ஒருத்தி கேட்கிறாள். இத்தனையும் காய்கறிக் கூடைக்குள் ஒளிந்திருக்கிறது.

இதை விளக்கியபோது தேங்காய் வியாபாரம் பார்க்கிற ஓர் அண்ணன், ஐம்பது வருடமாக இந்தப் பாட்டைக் கேட்கிறவர், கண்ணை மூடிக்கொண்டு முதல் இரண்டு வரியையும் மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சொல்கிறபோது 'அத்' என்ற இடத்தில் நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கி, தூரத்துப் பனங்காட்டைக் காட்டினார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதே போல 'பார்த்தேன் சிரித்தேன்' பாட்டில் தேனையும், 'வான் நிலா நிலா அல்ல' பாட்டில் லாவையும் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

'வசந்தகால நதிகளிலே' அந்தாதின்னு யாரோ சொன்னாங்க. அந்தாதின்னா சாமி பாட்டு இல்லையா?

அபிராமி அந்தாதி தெரிந்ததால் அப்படித் தோன்றுகிறது. அந்தாதி என்பது எழுதும் முறை: ஒரு வரி எந்தச் சொல்லில் முடிகிறதோ அடுத்த வரி அதிலேயே தொடங்கும். மூன்று முடிச்சு (1976) படத்தில் கண்ணதாசன் அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். முதல் வரி 'நீரலைகள்' என்று முடியும், அடுத்தது 'நீரலைகள்' என்று எடுக்கும். காட்சி படகில் நடக்கிறது. துடுப்பு ஒரு தரம் தண்ணீரைத் தள்ளி, தள்ளிய இடத்திலிருந்தே அடுத்த தள்ளு தொடங்குகிற மாதிரி பாட்டு போகிறது. ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடிவர, ஒருவன் தண்ணீரில் விழுந்த பிறகு எம்.எஸ்.வி.யின் குரல் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. அதே படத்தின் 'ஆடி வெள்ளி தேடி உன்னை'யும் அந்தாதிதான்.

பொம்பளைங்க யாருமே அந்தக் காலத்துல எழுதலையா?

ரொம்பக் குறைவு. அதனால்தான் மேலே ரோஷனாரா பேகம் பெயரைச் சொன்னேன். 'குங்குமப் பொட்டின் மங்கலம்' டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடிய எம்.ஜி.ஆர். படப் பாட்டு, எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் ஒலிக்கிறது, மண்டபத்தில் இருக்கிற முந்நூறு பேரில் ஒருவருக்கும் எழுதியது ஒரு பெண் என்று தெரியாது. அடுத்த கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லுங்கள்.

பாரதியார் பாட்டைக் கொண்டுவரலாமா? அது சினிமாப் பாட்டுல சேருமா?

சேரும். கப்பலோட்டிய தமிழன் (1961) படத்தில் ஜி.ராமநாதன் இசையமைத்தவை பாரதி பாட்டுகள்தான், 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' அதில் வருவது. பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' ஓர் இரவு (1951) படத்தில் இருக்கிறது. 'காற்றினிலே வரும் கீதம்' எழுதியவர் கல்கி, மீரா (1945) படத்துக்காக. நாவல் எழுதுகிற கல்கியேதான்.

அண்ணா, எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. மலையாளத்துல எழுதித் தருவீங்களா?

எங்களிடம் வருகிற சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேர் கேட்பது இது. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எழுதித் தருகிறோம், கூச்சப்படவே வேண்டாம், நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஆனால் எழுதுகிறபோது இரண்டு மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

தமிழில் ஒரே 'ப'தான், மலையாளத்தில் நாலு. 'பாட்டும் நானே பாவமும் நானே' வரியை ஒருவர் முதல் 'ப' போட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் படிக்கிற ஒரு பையன் அதை வாசித்துவிட்டு, "சிவபெருமான் எதுக்குத் தன்னைப் பாவம்னு சொல்றாரு?" என்று கேட்டான். மலையாளத்தில் அப்படி எழுதினால் அப்பாவி, பரிதாபத்துக்குரியவன் என்று பொருள். இங்கே வருவது ராகம், தாளம், பாவம் என்று சொல்கிறோமே அந்த பாவம், அதற்கு நான்காவது 'ப' போட வேண்டும். அதே போல 'காற்றினிலே' என்பதை இரட்டை 'ற' போட்டு எழுதினால் மலையாளம் படித்தவர்கள் நம் காதுக்குக் கிட்டத்தட்ட 'காட்டினிலே' என்று கேட்கிற மாதிரி வாசிக்கிறார்கள். கீதம் காட்டில் வந்துவிடுகிறது. வாயால் ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டுத் தாளைக் கொடுங்கள். 'ழ'வில் மட்டும் கவலையே இல்லை, அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்கிறார்கள்.

ஒரு வருடம் இப்படி மலையாள எழுத்தில் பாடிய ஒரு பெண், போன சித்திரையில் தமிழ் எழுத்திலேயே 'சின்னப்பயலே'வை எழுதிக்கொண்டு வந்தாள். பென்சிலால், கோடு போட்ட நோட்டில், 'ல'வும் 'ள'வும் ரெண்டு இடத்தில் மாறியிருந்தன. திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மலையாளப் பாட்டும் பாடலாமா? இல்ல, தமிழ் மட்டும்தானா?

பாடலாம், கட்டுப்பாடு அதேதான். எழுதியவர் பெயர் வேண்டும். மலையாளிகளும் பெரும்பாலும் யேசுதாஸ் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வயலார் ராமவர்மாவையும் பி.பாஸ்கரனையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீலக்குயில் (1954) பாட்டுகள் பாஸ்கரன் எழுதியவை, அந்தப் படத்தை ராமு காரியாட்டோடு சேர்ந்து இயக்கியவரும் அவர். வயலார் 1975இல் நாற்பத்தேழு வயதில் போய்விட்டார்.

பாட்டு எழுதுகிறவருக்கான தேசிய விருது முதன்முதலில் கண்ணதாசனுக்குக் கிடைத்தது, குழந்தைக்காக (1968) படத்துக்காக. நாலு வருடம் கழித்து 'மனுஷ்யன் மதங்ஙளெ' என்ற பாட்டுக்கு வயலாருக்குக் கிடைத்தது. இந்த இரண்டு மொழியையும் ஒரே நாளில் பேசுகிற எங்களுக்கு இரண்டும் நம் வீட்டுக்கு வந்த விருதுதான். இன்னொன்று: எலப்புள்ளிக்காரரான எம்.எஸ்.வி. பணிதீராத்த வீடு (1973) படத்தில் வயலார் எழுதிய 'கண்ணுநீர்த்துள்ளியெ' பாட்டைத் தானே பாடியிருக்கிறார். தமிழ்ப் பாட்டுகளில் கேட்ட அந்த உடைந்த குரல் பிறந்த மண்ணின் மொழியில் வருகிறபோது கேட்டுப் பாருங்கள்.

தெலுங்குல அதே மெட்டுல கேட்டேன். அப்ப நம்ம பாட்டு காப்பியா?

மிஸ்ஸியம்மா (1955) பற்றித்தான் கேட்டார்கள். அந்தப் படத்தைத் தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்தார்கள். மெட்டு எஸ்.ராஜேஸ்வரராவ். தெலுங்கில் 'ராவோயி சந்தமாமா' எழுதியவர் பிங்களி நாகேந்திரராவ், தமிழில் 'வாராயோ வெண்ணிலாவே' எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். மாயா பஜாரின் 'கல்யாண சமையல் சாத'மும் ராமையாதாஸ்தான். காப்பி என்று சொல்லக் கூடாது, ஒரே மெட்டில் இரண்டு கவிஞர்கள் தனித்தனியாக வேலை செய்திருக்கிறார்கள். வாயசைவுக்கும் சந்தத்துக்கும் ஒத்துப்போகிற மாதிரி எழுதுவது லேசான வேலையும் இல்லை.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. 'வாராயோ வெண்ணிலாவே' பாடிய பி.லீலா எங்கள் சித்தூர், உடன் பாடிய ஏ.எம்.ராஜா ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். தமிழ்நாட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சித்தூர், அந்தப் பக்கம் ஒரு சித்தூர், நடுவில் தஞ்சாவூர்க்காரர் தமிழ்.

முழுப் பாட்டையும் எழுதி எல்லாருக்கும் அனுப்பலாமா? கேஸ் கீஸ் வருமா?

எழுதியவர் காலமான பிறகு 60 வருடம் வரை உரிமை இருக்கிறது, இது சட்டம். பட்டுக்கோட்டையார் 1959இல் போனதால் அவர் வரிகளுக்கு அந்தக் கணக்கு 2019 முடிவோடு தீர்ந்தது. கண்ணதாசன், வாலிக்கு எல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. பதிவான ஒலிக்கு வேறு கணக்கு. நண்பர்களுக்குள் கையால் எழுதிக் கொடுத்துப் பாடுவது வேறு, புத்தகமாகப் போட்டு விற்பது வேறு. விற்கிற எண்ணம் இருந்தால் விவரம் தெரிந்த வக்கீலைக் கேளுங்கள்.

ஒரே பாட்டை ரெண்டு பேரு கொண்டுவந்துட்டா என்ன பண்ணுவீங்க?

இரண்டு பேரும் பாடுவார்கள். ஒரு ஞாயிறு 'சமரசம் உலாவும் இடமே' அப்படித்தான் ஆனது. அது சுடுகாட்டைப் பற்றிய பாட்டு. முதலில் பாடியவர் வெட்டியான் வேலை பார்த்த தாத்தாவின் பேரன், அவர் வீட்டில் அது தாத்தாவின் பாட்டு. பாடி முடித்ததும், கடைசியில் உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், தானும் அதே பாட்டோடுதான் வந்திருப்பதாகவும் போன மாதம் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அது காதில் நிற்பதாகவும் சொன்னார். வேறு பாட்டுக்கு மாறிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாங்கய்யா, நீங்களும் பாடுங்க" என்றார் முதலில் பாடியவர், தன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். வாத்தியார் வந்து உட்கார்ந்து, "எழுதியது மருதகாசி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, பல்லவியிலிருந்து தொடங்கினார்.